பழைய பூல் கியூ ஒன்று கைக்கு வந்தால் அதன் பூர்வீகத்தைத் தோண்டுவது எப்படி

அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்களுக்கு இப்படி ஒரு பொருள் பல வழியில் வந்து சேர்கிறது. மாமனார் வீட்டு பேஸ்மென்டைக் காலி செய்யும்போது கிடைக்கும், பக்கத்து வீட்டுப் பெரியவர் "நீ ஆடுவாயே, வைத்துக்கொள்" என்று கொடுத்துவிட்டுப் போவார், எப்போதாவது எழுபதுகளில் படிக்க வந்த சித்தப்பாவின் சாமான்களுக்கு நடுவே இருக்கும். ஜிப் பாதியில் சிக்கி நிற்கும் பழைய வினைல் உறை, உள்ளே இரண்டு துண்டாக ஒரு கியூ, அதாவது பூல் ஆட்டத்தில் பந்தைத் தள்ளும் கோல். உடனே எல்லோரும் கேட்பது "என்ன விலை போகும்?" என்பதுதான். அதை இப்போதைக்கு விடுங்கள். யார் செய்தது, எந்தக் காலத்தில், யார் கையில் இருந்தது என்று தெரிந்துவிட்டால் விலை பின்னாலேயே வரும். தெரியாமல் விசாரித்தால் வாங்க வருகிறவர் வாயில் வருவதுதான் விலை.

முதல் வேலை, எந்த வேலையும் செய்யாமல் இருப்பது. உப்புத்தாள் போடாதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள், பிடியில் சுற்றியிருக்கிற நூல் அழுக்காக இருக்கிறது என்று பிரிக்காதீர்கள். அழுக்கு, வார்னிஷ் விரிசல், பந்தைத் தொடும் நுனியான டிப்பில் ஒட்டிக் காய்ந்த சாக் தூள், எல்லாமே சாட்சிகள். உறையின் பாக்கெட்டுகளையும் தட்டிக் கொட்டிவிடாமல் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ரசீது, லீக் அட்டை, கடையின் ஸ்டிக்கர் என்று ஏதாவது இருந்தால் கியூவை விட அதுவே நிறையச் சொல்லும். அமெரிக்காவில் ஜிப் கோடு 1963 ஜூலையில்தான் வந்தது. கடை முகவரியில் ஐந்து இலக்க ஜிப் கோடு இருந்தால் அந்தத் தாள் அதற்குப் பிந்தியது. போன் நம்பர் இரண்டு எழுத்தில் தொடங்கினால் பெரும்பாலும் அறுபதுகளோ அதற்கு முன்போ. இப்படி ஒரு சின்ன ஸ்டிக்கரே பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடும்.

அடுத்தது மனிதர்கள். மரம் எங்கேயும் ஓடிப்போகாது, ஆனால் எண்பத்தைந்து வயதில் இருக்கிற அத்தையின் ஞாபகம் அப்படி இல்லை, அதனால் கியூவை அளப்பதற்கு முன்னால் போனை எடுங்கள். "இதை எப்போது வாங்கினார்?" என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. சுற்றிவளைத்துக் கேளுங்கள்: எந்த ஊரில் வேலை பார்த்தார், வெள்ளிக்கிழமை ராத்திரி எங்கே போவார், பட்டாளத்தில் இருந்தாரா, ஜப்பானில் இருந்தாரா, லீக்கில் ஆடினாரா, கூட ஆடியவர் யார். பழைய போட்டோ ஆல்பத்தைப் புரட்டும்போது முகத்தைப் பார்க்காமல் கையைப் பாருங்கள். கியூவின் நடு வளையமும் பிடிக்குக் கீழே இருக்கும் வேலைப்பாடும் கறுப்பு வெள்ளைப் படத்தில்கூடத் தெரியும், படத்தின் பின்பக்கத்தில் ஸ்டூடியோ அச்சடித்த தேதி இருந்தால் அந்தத் தேதியில் கியூ இவரிடம் இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. யார் என்ன சொன்னார்கள் என்பதைத் தனித்தனியாக, அவர்கள் பெயரோடு எழுதி வையுங்கள். "பெரிய சாம்பியன் ஒருவர் கையால் கொடுத்தாராம்" என்ற கதை கிட்டத்தட்ட எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அதையும் எழுதுங்கள், ஆனால் வேறு பக்கத்தில்.

ஊர் பெயர் கிடைத்துவிட்டால் நூலகம். அந்தக் காலத்து நகர டைரக்டரிகளில் பில்லியர்ட் ஹால்கள் தொழில்வாரியாக, முகவரியோடு இருக்கும், பல ஊர் நூலகங்கள் இவற்றை ஸ்கேன் செய்து வைத்திருக்கின்றன. லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் இலவசப் பத்திரிகைக் களஞ்சியத்தில் 1963 வரையிலான உள்ளூர்ப் பத்திரிகைகளைத் தேடலாம். சின்ன ஊர்ப் பத்திரிகைகள் லீக் முடிவுகளை ஆள் பெயரோடு போடும் வழக்கம் இருந்தது, எனவே பெயரோடு "பில்லியர்ட்ஸ்" சேர்த்துத் தேடுங்கள். "பூல்" என்று தேடினால் நீச்சல் குளம்தான் வரிசையாக வரும்.

சரி, இப்போது கியூவுக்கு வருவோம். நல்ல பகல் வெளிச்சம், ஒரு லென்ஸ், இஞ்ச் போட்ட ஸ்கேல், சமையல் தராசு, முடிந்தால் ஒரு வெர்னியர் காலிபர். மாட்டிய நிலையில் நீளத்தை அளந்து கொள்ளுங்கள். இன்றைய பூல் கியூ பெரும்பாலும் 58 அங்குலம், ஐம்பதுகள் முதல் எழுபதுகள் வரை 57 அங்குலம்தான் வழக்கம், அதனால் ஒரு அங்குலக் குறைவு நல்ல அறிகுறி. டிப் இருக்கும் முனை சுமார் 13 மில்லிமீட்டர் விட்டத்தில் இருந்தால் பூல். 11, 12 என்று மெலிந்து, நீளமும் 56 அங்குலத்துக்கு இறங்கி, ஷாஃப்ட் (முன் துண்டு) நுனியிலிருந்தே சீராகத் தடித்துக்கொண்டே வந்தால் அது கேரம் கியூவாக இருக்கலாம், அதாவது பாக்கெட்டே இல்லாத மேஜையில் ஆடும் த்ரீ குஷன் ஆட்டத்துக்கானது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்காவில் அதற்குத்தான் மரியாதை அதிகம். எடை 18 முதல் 21 அவுன்ஸுக்குள், அதாவது சுமார் 510 முதல் 595 கிராமுக்குள், இருக்கும். ஷாஃப்டையும், பட் எனப்படும் பின் துண்டையும் தனித்தனியாகவும் நிறுத்துக் குறித்துக் கொள்ளுங்கள்.

பிறகு ஜாயின்ட். இரண்டு துண்டும் சேர்கிற இடம்தான் கியூவின் கைரேகை. இரண்டு துண்டையும் பிரித்து, நீட்டிக்கொண்டிருக்கும் திருகின் மேல் ஸ்கேலை நீளவாக்கில் வைத்து ஒரு அங்குலத்துக்குள் எத்தனை மரை என்று எண்ணுங்கள், திருகின் விட்டத்தையும் அளங்கள். 5/16 அங்குல விட்டத்தில் 14 மரை, சுற்றி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் காலர் என்றால் பாலபுஷ்கா என்ற பேர்பெற்ற கியூ கைவினைஞர் காலத்து நியூயார்க் பாணி, ஜாஸ் என்ற கியூ நிறுவனமும் அதே அளவைத்தான் பிடித்துக் கொண்டது. அதே விட்டத்தில் 18 மரை என்றால் மியூச்சி கம்பெனி பக்கம் பார்க்கலாம். தடித்த 3/8 அங்குலத் திருகில் 10 மரை மட்டும் என்றால் மெக்டெர்மட் கம்பெனி நினைவுக்கு வர வேண்டும். ஒரே அளவைப் பல பேர் பயன்படுத்தினார்கள் என்பதால் இது யார் செய்தது என்று அடித்துச் சொல்லாது, ஆனால் யார் செய்திருக்க முடியாது என்று சொல்லும், அதுவே பட்டியலைப் பாதியாகக் குறைக்கும். அரைச் சுற்றிலேயே பூட்டிக்கொள்கிற க்விக் ரிலீஸ் வகைத் திருகு இருந்தால், "1950-ல் வாங்கியது" என்ற குடும்பக் கதையை அங்கேயே நிறுத்திவிடலாம்.

இப்போது பிடிக்கு மேலே இருக்கும் பகுதி. மேப்பிள் மரத்துக்குள் கறுப்பாகவோ பழுப்பாகவோ நாலு முனைகள் ஏறிப் போகும், பாயின்ட் என்பார்கள், அவற்றைச் சுற்றிப் பச்சை, சிவப்பு, வெள்ளை என்று மெல்லிய மரத் தகடுகள் ஓடும். லென்ஸை எடுத்துக்கொண்டு ஒரு பாயின்ட்டின் உச்சியைப் பாருங்கள். உண்மையாகவே இரண்டு மரத்தையும் ஆங்கில வி வடிவத்தில் வெட்டி ஒன்றுக்குள் ஒன்று செருகி ஒட்டியதாக இருந்தால் அந்த உச்சி சீவிய பென்சில் முனை போலக் கூர்ந்து, கடைசியில் எங்கே முடிகிறது என்றே தெரியாமல் மறையும். நாலு உச்சியும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்றில்லை. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஏற்றத்தாழ்வு கைவேலையில் சகஜம். உச்சி லேசாக உருண்டிருந்தால், கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் இயந்திரம் குழி தோண்டி அதில் துண்டைப் பதித்திருக்கிறது என்று அர்த்தம், ஏனென்றால் சுழலும் வெட்டுமுனை எவ்வளவு மெல்லியதானாலும் மூலையில் ஒரு வளைவை விட்டுத்தான் போகும். அந்த மாதிரி வேலை எண்பதுகளுக்குப் பிறகுதான் பரவியது. மூன்றாவது வகை, பாயின்ட்டே கிடையாது, வெறும் படம். லென்ஸில் அச்சுப் புள்ளிகள் தெரியும், எங்காவது அடிபட்டு நசுங்கிய இடத்தில் கறுப்புக்கு அடியில் வெளிர் மரம் எட்டிப் பார்க்கும். அது மோசமான கியூ என்று சொல்லவில்லை, உங்கள் மாமனார் அதை வைத்து வாரா வாரம் ஜெயித்திருக்கலாம். ஆனால் அதற்கு மேல் செய்தவர் யார் என்று துருவ வேண்டியதில்லை, குடும்பக் கதையை எழுதி வைத்தால் போதும்.

செருகு வேலையிலும் இரண்டு ரகம். பிடியின் கருமரமே கீழிருந்து ஒரே துண்டாக வந்து மேப்பிளுக்குள் ஏறுவது ஃபுல் ஸ்ப்ளைஸ். முன்கைப் பகுதியை மட்டும் தனியாகச் செருகிச் செய்து, அதைப் பிடியோடு திருகி ஒட்டுவது ஹாஃப் ஸ்ப்ளைஸ். பிடிச் சுற்றுக்கு மேலும் கீழும் மரத்தின் ரேகையைப் பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம். இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், பழைய அமெரிக்கக் கியூக்களில் ஒரு விசித்திரம் உண்டு. ப்ரன்ஸ்விக் கம்பெனி ஹால்களின் சுவர் ஸ்டாண்டுக்காக டைட்லிஸ்ட் என்ற ஒற்றைத் துண்டு ஃபுல் ஸ்ப்ளைஸ் கியூவை விற்றது. மரமும் ஒட்டு வேலையும் அவ்வளவு நன்றாக இருந்ததால், சிகாகோவில் ஹெர்மன் ராம்பௌ, நியூயார்க்கில் ஜார்ஜ் பாலபுஷ்கா போன்றவர்கள் அதையே வாங்கி நடுவில் அறுத்து, ஜாயின்ட் வைத்து, பின்பகுதியை மாற்றித் தங்கள் கியூவாக்கினார்கள். இன்றைக்கும் பலர் செய்கிறார்கள். ஆகவே ஒரே கியூவில் மரத்துக்கு ஒரு வயது, ஜாயின்ட்டுக்கு ஒரு வயது, பிடி நூலுக்கு ஒரு வயது இருக்கலாம். "இது எந்த வருஷம்?" என்ற கேள்வியைப் பகுதி பகுதியாகத்தான் கேட்க வேண்டும்.

பெயர்களைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. பெயரை முதலில் பார்த்தவர் அதற்கு ஏற்றபடியே மற்றதையெல்லாம் பார்ப்பார். பில்லியர்ட்ஸ் சாம்பியன் வில்லி ஹாப்பி கையெழுத்துப் போட்ட கியூ கிடைத்தால் பலரும் அது அவர் ஆடிய கியூ என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஹாப்பி 1906-ல் பாரிஸில் பிரெஞ்சு ஆட்டக்காரர் வின்யோவைத் தோற்கடித்து உலகப் பட்டம் வாங்கியவர், 1952 வரை ஆட்டத்தில் இருந்தவர், அந்தப் பெயரில் ப்ரன்ஸ்விக் பல பத்தாண்டுகள் கியூ விற்றது. பட்டின் அடிப்பக்கம் வெள்ளை வளையம் ஒன்று இருக்கும், இன்றும் அதை ஹாப்பி ரிங் என்றே சொல்கிறார்கள். கையெழுத்து அச்சு, ஆள் இல்லை. கம்பெனி பெயர் வேறு ஒரு விதத்தில் உதவும். 1845-ல் சின்சினாட்டியில் தொடங்கிய ப்ரன்ஸ்விக், 1884-ல் ப்ரன்ஸ்விக் பால்கே காலண்டர் ஆனது, 1960-ல் ப்ரன்ஸ்விக் கார்ப்பரேஷன் என்று சுருங்கியது. முழு மூன்று பெயரும் முத்திரையில் இருந்தால் அந்த 76 வருஷ இடைவெளிக்குள் வைத்துத் தேடலாம்.

பாலபுஷ்கா பெயர் இருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்படுங்கள். ரஷ்யாவில் 1912-ல் பிறந்து, சிறுவனாக 1924-ல் அமெரிக்கா வந்து, 1959 முதல் 1975-ல் சாகும் வரை செய்தார், மொத்தமே ஆயிரத்துச் சொச்சம் கியூ இருக்கலாம் என்பது சேகரிப்பாளர்களின் கணக்கு. 1986-ல் வந்த ஒரு ஹாலிவுட் படம் இவர் பெயரை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. வேடிக்கை என்னவென்றால் படத்தில் பாலபுஷ்கா என்று காட்டியது உண்மையில் ஜாஸ் கம்பெனி செய்த கியூ. அதற்கப்புறம் போலிகளும், உரிமம் வாங்கி அதே பெயரில் விற்ற புதுக் கியூக்களும் வந்தன. பெயர் பளிச்சென்று இருந்து, வார்னிஷ் கண்ணாடி மாதிரி இருந்து, மரை எண்ணிக்கையும் ஒத்துவரவில்லை என்றால் விஷயம் முடிந்தது.

இவ்வளவு பெரிய பெயர் எதுவும் இல்லாமல் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம், அதில் ஒரு குறையும் இல்லை. நியூ ஜெர்சியின் பாமர், விஸ்கான்சினில் 1965-ல் தொடங்கிய வைக்கிங், 1968-ல் பால்டிமோரில் டான் ஜேன்ஸும் பில் ஸ்ட்ரௌடும் தொடங்கிய ஜாஸ், எழுபதுகளின் மெக்டெர்மட், மியூச்சி, ஜப்பானில் செய்து வந்த ஆடம், கனடாவின் மேப்பிள் இலை முத்திரையோடு டஃப்ரின். அறுபது எழுபதுகளில் வேலை பார்த்த ஒரு மனிதரின் உறையில் இவற்றில் ஒன்று இருக்கத்தான் வாய்ப்பு. ஆடம் கியூக்களுக்குப் பின்னால் இருந்த ரிச்சர்ட் ஹெல்ம்ஸ்டெட்டர் பிற்பாடு கோல்ஃப் பக்கம் போய் காலவே கம்பெனியின் பிக் பெர்த்தாவை வடிவமைத்தார் என்பது கோல்ஃப் ஆடும் நண்பர்களிடம் சொல்ல உதவும். பாமர் கியூக்களில் சிலவற்றில் பட்டின் கீழ்ப்பகுதியில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்குக்கு அடியில் உரிமையாளரின் பெயர் இருக்கும், நியூயார்க்கின் ஃபிராங்க் பாரடைஸும் இப்படிச் செய்தார். அங்கே உங்கள் மாமனார் பெயருக்குப் பதில் வேறு யாரோ ஒருவர் பெயர் இருந்தால், சரி, கதை ஒரு தலைமுறை முன்னால் போகிறது.

இந்தக் கம்பெனிகளின் பழைய கேட்டலாக் ஸ்கேன்கள் இணையத்தில் கிடைக்கும். பார்க்க வேண்டியது வளையங்களின் வரிசை, பட் ஸ்லீவில் (பிடிக்குக் கீழே இருக்கும் பகுதி) பதித்த உருவங்கள், பாயின்ட் எண்ணிக்கை, இந்த மூன்றும்தான். மரத்தின் நிறத்தை நம்பாதீர்கள், ஐம்பது வருஷத்தில் மேப்பிள் தேன் நிறத்துக்குப் போய்விடும். மெக்டெர்மட் மாதிரி இன்னும் இயங்குகிற கம்பெனியாக இருந்தால் நாலு படம் எடுத்து அனுப்பிக் கேட்பதே சுலபம்: முழு நீளம், ஜாயின்ட் இரண்டு பக்கமும், பாயின்ட்கள், பட் ஸ்லீவ். பின்னணிக்கு வெள்ளைத் துணி, ஃபிளாஷ் வேண்டாம்.

ஷாஃப்டை மறந்துவிடாதீர்கள். ஆடுகிறவர் கையில் ஷாஃப்ட் தேயும், வளையும், மாற்றுவார். பட்டின் ஜாயின்ட் வளையமும் ஷாஃப்டின் வளையமும் ஒரே மாதிரி இருந்து, மாட்டியபின் விரலை ஓட்டினால் நகம் தட்டாமல் போனால் அசல் ஜோடியாக இருக்க வாய்ப்பு உண்டு. அடியிலிருக்கும் ரப்பர் பம்பர் திருகு வகையாக இருந்து சுலபமாகக் கழன்றால் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள், எடைக்கு வைத்த போல்ட்டும் சில சமயம் பென்சிலில் எழுதிய குறியும் இருக்கும். கழலவில்லை என்றால் விட்டுவிடுங்கள், பழைய ரப்பர் பிய்ந்துவிடும்.

வெள்ளையாக இருக்கும் பாகங்கள்தான் கொஞ்சம் விவகாரம். ஃபெருல் (டிப்புக்கு அடியில் இருக்கும் வளையம்), ஜாயின்ட் காலர், அடி மூடி ஆகியவை யானைத் தந்தமாக இருக்கலாம், பிளாஸ்டிக்காகவும் இருக்கலாம். சுட்ட ஊசியால் குத்திப் பார் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பழைய பிளாஸ்டிக்குகளில் ஒன்று செல்லுலாய்டு. தந்தப் பந்துக்கு மாற்றுக் கண்டுபிடிப்பவருக்கு 10,000 டாலர் என்று ஃபீலன் அண்ட் காலண்டர் பில்லியர்ட்ஸ் கம்பெனி அறிவித்ததை ஒட்டித்தான் ஜான் வெஸ்லி ஹயாட் இந்தப் பிளாஸ்டிக்கில் இறங்கினார், இதில் உள்ள நைட்ரோசெல்லுலோஸ் சட்டென்று பற்றிக்கொள்ளும். விரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்து பாருங்கள், கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்டு. தந்தம் என்றால் குறுக்கு வெட்டு முகத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் வளைகோடுகள் லென்ஸில் தெரியும். அடி மூடி டெல்ரின் என்ற பிளாஸ்டிக் என்றால் டூபாண்ட் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்த 1960-க்கு முன்னால் அது இருக்க முடியாது. தந்தம் என்று பட்டால் விற்பதற்கோ விமானத்தில் எடுத்துப் போவதற்கோ முன் சட்டத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் 2016 முதல் ஆப்பிரிக்க யானைத் தந்த வியாபாரத்துக்குக் கிட்டத்தட்ட முழுத் தடை, கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்களுக்குத் தனிச் சட்டங்களும் உண்டு, இந்தியாவில் 1972-ம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதில் தயவு காட்டுவதில்லை. பிரேசில் ரோஸ்வுட்டும் 1992 முதல் சர்வதேசக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஊருக்கு எடுத்துப்போய் ஷோகேஸில் வைக்கலாம் என்ற யோசனை இருந்தால் முதலில் இதை முடித்துக்கொள்ளுங்கள்.

ஊர்ப்பக்கம் கிடைத்த கியூ என்றால், ஊட்டி, குன்னூர் பக்கத்துக் குடும்பங்களிலோ பழைய கிளப் சாமான் ஏலத்திலோ வந்தது என்றால், மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. அது பெரும்பாலும் இங்கிலீஷ் பில்லியர்ட்ஸ் அல்லது ஸ்னூக்கர் கியூ. 1875-ல் ஜபல்பூரில் பிறந்த ஸ்னூக்கருக்கு விதிகளை 1882-ல் ஊட்டி கிளப்பில் எழுதி மாட்டினார்கள், அந்த மேஜைகளுக்கெல்லாம் கியூ லண்டனிலிருந்தும் மான்செஸ்டரிலிருந்தும் வந்தது. பழையவை பெரும்பாலும் ஒற்றைத் துண்டு, நுனி 9 முதல் 11 மில்லிமீட்டர், பல கியூக்களில் ஷாஃப்ட் ஆஷ் மரம், மேல்முகத்தில் அம்பு அம்பாக ரேகை ஓடும், பின்னால் கருங்காலி. அடியில் ஒரு பக்கம் தட்டையாகச் சீவி அதில் ஒரு பேட்ஜ் வைத்திருப்பார்கள். தர்ஸ்டன், பரோஸ் அண்ட் வாட்ஸ், ஓர்ம், ரைலி என்று ஏதாவது படிக்க வரும், சாம்பியன் பெயரும் அவர் அடித்த பிரேக்கும் (ஒரே முறையில் தொடர்ந்து எடுத்த புள்ளிகள்) இருந்தால் இன்னும் நல்லது. வால்டர் லிண்ட்ரம் 4137 அடித்தது 1932-ல், ஜோ டேவிஸின் 147 பிரேக் 1955-ல். பேட்ஜில் அந்த எண் இருந்தால் கியூ அதற்கு முந்தியதாக இருக்க வழியே இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் கியூ பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் நேரில் காட்டுங்கள். லேத்தில் நூற்றுக்கணக்கில் கழற்றி மாட்டியவர் ஜாயின்ட்டைத் திறந்த உடனே சொல்வதைப் படத்தை வைத்து யாரும் சொல்ல முடியாது. ஒரே நிபந்தனை, அடையாளம் சொல்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. நீங்கள் ஊகித்ததை முன்கூட்டியே சொல்லாமல் கொடுத்துப் பாருங்கள், அவராகவே அதே பெயரைச் சொன்னால் அதற்குத் தனி மதிப்பு.

கிடைத்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதி, உறுதியானது எது, யார் சொன்னது எது என்று பிரித்து, உறையிலேயே போட்டு வையுங்கள். கியூவை கார் டிக்கியிலோ பரணிலோ வைக்க வேண்டாம், சூட்டில் மரம் வளையும். அதை வைத்து ஆடலாமா என்றால், அபூர்வமான ஒன்று என்று தெரியாதவரை தாராளமாக ஆடலாம், டிப் மட்டும் மாற்றினால் போதும். டிப் போடக் கொடுக்கும்போது ஃபெருலைத் தொட வேண்டாம், ஷாஃப்டை உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் சொல்லாவிட்டால் பல கடைகளில் சும்மாவே இரண்டையும் செய்து, பளபளவென்று திருப்பிக் கொடுப்பார்கள்.